கட்டடக்கலையின் விலாசம்: கிண்டியா, பெரியமேடா, மாமல்லபுரமா?

மே 14, காலை (வாசகர் கேள்வி)

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நன்றாக வரைவாள், களிமண் கிடைத்தால் ஏதாவது உருவம் செய்துகொண்டே இருப்பாள், கணக்கும் வரும். ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அம்மா ஓவியக் கல்லூரி போதும் என்கிறாள். ஓவியம், சிற்பம், கட்டடம் மூன்றையும் ஒரே இடத்தில் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி தமிழ்நாட்டில் கிடையாதா? கட்டடக்கலையை எதற்கு இன்ஜினியரிங்கோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்?

மே 14, மதியம்

இருக்கிறது சார், மாமல்லபுரத்தில். அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, பெயரிலேயே இரண்டும் உண்டு. ஆனால் உங்கள் மகள் ஆர்க்கிடெக்சர் என்று சொல்லும்போது அவள் மனதில் இருப்பது அது இல்லை என்று நினைக்கிறேன். அங்கே கட்டடக்கலை என்றால் பெரும்பாலும் கோயில் கட்டும் கலை. அங்கே தரும் பட்டமும் பி.டெக்.தான், ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பி.ஆர்க். இல்லை. சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், வாழ்க்கை முழுக்கக் கூடவே வரும். நான் ஆர்க்கிடெக்ட், இப்போது சைட்டில் கான்கிரீட் ஓடிக்கொண்டிருக்கிறது, ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.

மே 14, இரவு

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். சென்னையிலும் சென்னையை ஒட்டியும் இதற்கு மூன்று அரசு விலாசங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை குறைவு.

முதலாவது கிண்டி. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங், எல்லாரும் ‘சாப்’ என்பார்கள். 1957இல் தொடங்கியது, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றோடு இதையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அதாவது நான்கில் மூன்று பேர் பொறியியல், தொழில்நுட்பக்காரர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

இரண்டாவது பெரியமேடு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செங்கல் சிவப்பில் நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1850இல் சொந்த முயற்சியில் ஆரம்பித்தது, இரண்டு வருடத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஓவியம், சிற்பம், பீங்கான், துணி வடிவமைப்பு, அச்சு, விஷுவல் கம்யூனிகேஷன் எல்லாம் உண்டு. கட்டடக்கலை மட்டும் கிடையாது.

மூன்றாவது மாமல்லபுரம். இதுவும் 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியதுதான். கல், உலோகம், சுதை (சுண்ணாம்புச் சாந்து), மரம் என்று நான்கிலும் சிற்பம், கூடவே மரபு ஓவியம், மரபுக் கட்டடக்கலை. பெரியமேடும் மாமல்லபுரமும் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியும் இப்போது இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் முதலமைச்சர், ஆளுநர் இல்லை. வேந்தர் சண்டை நடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

எழுதும்போதுதான் கவனித்தேன், 1957 மறுபடி மறுபடி வருகிறது. கிண்டியில் ஆர்க்கிடெக்சர் துறை, மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம். பெரியமேட்டில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி ஓய்வு பெற்று கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானதும் அதே வருடம். காமராஜர் காலம். ஒரே வருடத்தில் மூன்று இடத்திலும் புதுக் கணக்கு ஆரம்பித்திருக்கிறது, மூன்றையும் ஒரு மேஜையில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போல.

மே 15

ஜெர்மனியில் இருந்த பௌஹாஸ் கலைப்பள்ளி மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தப் பேச்சு எப்போது எடுத்தாலும் மூன்றாவது ஆள் பௌஹாஸ் என்பார், இது விதி. அங்கே 1919இல் பள்ளி திறந்தார்கள், கட்டடக்கலைக்கு என்று துறை வந்தது 1927இல். எல்லாக் கலையும் சேரும் இடம் கட்டடம் என்று பிரகடனம் போட்டுவிட்டு, அதைச் சொல்லிக்கொடுக்க எட்டு வருடம் எடுத்துக்கொண்டார்கள். நம் ஆட்களை மட்டும் திட்ட வேண்டாம்.

மே 16

கட்டடக்கலையும் ஓவியமும் இங்கே எப்போதுமே தனித்தனிதான் என்று ஒரு சிவில்காரர் அடித்துச் சொல்கிறார். இல்லை சார். சிஷோமை எங்கே வைப்பீர்கள்?

ராபர்ட் சிஷோம். மெரினாவில் நின்று திரும்பிப் பார்த்தால் கண்ணில் படுவதில் பாதி அவர் கை. மாநிலக் கல்லூரிக்கான வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்துத்தான் இங்கே வந்தார், பிறகு அரசாங்கத்தின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் அவருடையது, 1870களில் கட்டியது. அதே மனிதர்தான் 1877 முதல் சில வருடம் பெரியமேட்டுக் கலைப்பள்ளிக்கு சூப்பரின்டென்டன்ட். ஊரின் பெரிய கட்டடங்களை வரைந்துகொண்டிருந்தவர் கையில்தான் குயவுச் சக்கரமும் மரவேலைப் பட்டறையும் இருந்த பள்ளியை ஒப்படைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு ஆள் கட்டியதால்தான் செனட் ஹவுஸ் அப்படி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். உள்ளே போய் வண்ணக் கண்ணாடியையும் தூண் தலைப்பையும் சுவரில் தீட்டியிருப்பதையும் பாருங்கள். கட்டி முடித்த பிறகு அலங்காரம் வாங்கி ஒட்டியது மாதிரி இருக்காது. வரையும்போதே எந்தக் கை இதைச் செய்யும் என்று தெரிந்து வரைந்தவனின் வேலை. நம் ஆபீஸ்களில் ‘ஃபினிஷஸ்’ என்று ஒரு தனி எக்செல் ஷீட் போடுகிறோம், அதைப் பற்றி என்ன சொல்ல.

அவருக்குப் பிறகு கலைப்பள்ளியின் பொறுப்புக்கு ஹேவெல் வந்தார், 1884இல். நெசவு, கைத்தொழில் பக்கம் அக்கறை. அதற்கு அப்புறம் பள்ளி மெல்ல மெல்ல ஓவியம், சிற்பம் என்று நகர்ந்துவிட்டது. ராய் சௌத்ரி காலத்தில் சிற்பத்துக்கு ஒரு கம்பீரம் வந்தது, உழைப்பாளர் சிலை அவருடையதுதானே, மெரினா காந்தி சிலையும்தான். கட்டடம் மட்டும் வேறு பஸ் ஏறிப் போய்விட்டது.

மே 18

நான் எங்கே, எப்படிப் படித்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக, ஏனென்றால் பெருமைப்பட அதிகம் இல்லை.

தென் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஆர்க். பெயர் வேண்டாம். பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் இரண்டாவது மாடியில் எங்கள் துறை. ஸ்ட்ரக்சர்ஸ் எடுக்க சிவில் துறையிலிருந்து வருவார்கள், எங்களைப் பார்த்தாலே அவர்களுக்குப் பாவமாக இருக்கும். வரைகலைக்குப் பக்கத்துப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் சனிக்கிழமை மட்டும் வருவார். அருமையான மனிதர், ஒரு கோட்டில் மாட்டை நிறுத்திவிடுவார். அவர் போடும் மார்க்குக்கு மதிப்பே கிடையாது என்று முதல் செமஸ்டரிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு யார் அந்த வகுப்பில் உட்காருவார்கள்? அந்த நேரத்தில் டிசைன் சப்மிஷனுக்கு மாடல் செய்ய சன்போர்டு அட்டை வெட்டிக்கொண்டிருப்போம்.

ஜூரி அன்று, அதாவது எங்கள் டிசைனை மதிப்பிடும் நாளில், வெளியிலிருந்து வந்தவர் என் மாடலைக் கையில் எடுத்து, “இது எந்தப் பொருளில் கட்டுவது?” என்றார். “ஆர்.சி.சி. சார்” என்றேன். எல்லாரும் அதைத்தான் சொல்வோம். “ஏன்?” என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அந்த ஐந்து வருடத்தில் செங்கல்லைக் கையில் எடுத்து அடுக்கியது கிடையாது, சுண்ணாம்பு குழைத்தது கிடையாது, கல் ஒன்றைத் தட்டிப் பார்த்தது கிடையாது. ஃபெவிகால் மட்டும் லிட்டர் கணக்கில்.

‘சாப்’ இவ்வளவு மோசம் இல்லை, அங்கே படித்த நண்பர்கள் உண்டு. நல்ல நூலகம், ஊரமைப்பு படிப்பவர்கள் அதே கூரைக்குக் கீழே, சீனியர்களின் நீண்ட வரிசை. ஆனால் அவர்களிடம் கேட்டாலும் கேன்டீனில் எதிரே உட்கார்ந்தவன் மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோதான், சிற்பி இல்லை.

மே 19

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சியாக ஒன்று சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு டெல்டா பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு முன்மண்டபம் ஒன்று சேர்க்கும் வேலை வந்தது. எங்கள் ஆபீஸ் வரைபடம், கல்வேலை ஒரு ஸ்தபதி, அதாவது மரபுக் கோயில் சிற்பி. மாமல்லபுரத்தில் படித்தவர், என் வயதுதான் இருக்கும். நான் ஆட்டோகேடில் போட்ட எலிவேஷனை ஏ-1 தாளில் எடுத்துப்போய் விரித்தேன். மரியாதையாகப் பார்த்தார். பிறகு, “அதிஷ்டானம் பாதபந்தமா பிரதிபந்தமா சார்?” என்றார். அதிஷ்டானம் என்றால் அடிப்பீடம், அதன் வகையைத்தான் கேட்டார்; உள்ளே பழைய சந்நிதியில் என்ன இருக்கிறதோ அதற்கு ஒத்துப்போக வேண்டுமே என்று விளக்கினார். நான் போட்டிருந்தது எதுவும் இல்லை, படி மாதிரி மூன்று கோடு.

தாளை மடித்து வைத்துவிட்டு அவர் வேலையை ஆரம்பித்தார். தரையைச் சுத்தமாகக் கூட்டச் சொல்லி, காவி தோய்த்த நூலைப் பிடித்து இழுத்துச் சுண்டி, தூணையும் அதன் தலையில் வரும் போதிகையையும் உத்திரத்தையும் முழு அளவிலேயே தரையில் வரைந்தார். ஸ்கேல் என்ற பேச்சே இல்லை, ஒன்றுக்கு ஒன்று. கல் அறுக்கிறவர்கள் அதன் மேல் குனிந்து தகரத்தில் அச்சு எடுத்துக்கொண்டார்கள். சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பழைய சந்நிதியை முழக்கோலால் அளந்துவிட்டு வந்தார். வரைபடம், அளவு, செய்பவன் கை, மூன்றுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

டீ குடிக்கும்போது தாளக் கணக்கைச் சொன்னார், சிலைக்கான அளவு விகிதம் அது. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், தலை முதல் பாதம் வரை 124 அங்குலக் கூறு. அந்த அங்குலம் நம் ஸ்கேல் அங்குலம் இல்லை, சிலையின் மொத்த உயரத்தை வகுத்து வருவது, அதனால் சிலை எவ்வளவு பெரியதானாலும் விகிதம் கலையாது. கருவறை மேல் எழும் விமானத்துக்கும் இப்படித்தான், அதிஷ்டானம், கால், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், ஸ்தூபி என்று ஆறு உறுப்பு, ஒவ்வொன்றுக்கும் பங்கு. எங்களுக்கு மாட்யூல், புரொபோர்ஷன் என்று ஐரோப்பிய உதாரணங்களோடு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

இதை வைத்து ‘நம் முன்னோர்கள் முட்டாள்களா’ பாட்டை ஆரம்பிக்காதீர்கள். அதே மண்டபத்தில் மழைத்தண்ணீர் எங்கே போகும், பக்கத்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்விகள் வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். அது எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதிப் படிப்பு என்பதுதான் எனக்கு அன்றைக்குப் பட்டது.

மே 21

அந்த ஸ்தபதிக்கு ‘ஆர்க்கிடெக்ட்’ என்று கார்டு அடித்துக்கொள்ள உரிமை இல்லை, தெரியுமா? 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பட்டத்தைப் போடலாம், பதிவுக்கு கவுன்சில் ஒப்புக்கொண்ட படிப்பு வேண்டும். மரபுக் கட்டடக்கலை பி.டெக். அந்தக் கணக்கில் வராது.

வேடிக்கை என்னவென்றால் அதே சட்டத்தில் 37ஆவது பிரிவு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்கும் நேவல் ஆர்க்கிடெக்டுக்கும் விலக்கு தருகிறது. தோட்டம் போடுகிறவர் வைத்துக்கொள்ளலாம், கப்பல் வரைகிறவர் வைத்துக்கொள்ளலாம். ராஜகோபுரம் எழுப்புகிறவருக்குக் கிடையாது. சட்டம் எழுதியபோது ஸ்தபதி என்று ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லையா என்று எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கிவிட்டது: அந்தச் சட்டம் காப்பது பட்டப்பெயரை மட்டும்தான், கட்டடம் வடிவமைக்கும் வேலையை மற்றவர் செய்யக்கூடாது என்று தடுப்பதில்லை. என் வகையறா ஆட்கள் அன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் ஒப்பாரி வைத்தார்கள். அந்த ஸ்தபதிக்கு ஃபார்வர்டு செய்தேன். “எங்க தாத்தாவுக்கு யாரு சார் பர்மிஷன் கொடுத்தது” என்று பதில் வந்தது, கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

மே 22

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் ஒருவர், அங்கே மாசாப் டேங்கில் இரண்டும் ஒரே வளாகம் என்று ஞாபகப்படுத்துகிறார். ஆமாம். 1940இலிருந்து நுண்கலையும் கட்டடக்கலையும் சேர்ந்த கல்லூரி, நடுவில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது, 2008இல் அதற்கென்றே ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை மற்றும் நுண்கலைப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. நாம் சண்டை போட்டுக்கொண்டிருப்பதை அவர்கள் முடித்துவிட்டார்கள்.

ஆனால் பம்பாயைப் பாருங்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம் வருகிறது. ஜே.ஜே. கலைப்பள்ளி 1857இல் வந்தது. கட்டடக்கலை வகுப்பு அதற்குள்ளேயே வளர்ந்தது, பிறகு 1958இல் கலை, கட்டடக்கலை, அப்ளைடு ஆர்ட் என்று மூன்று தனிக் கல்லூரிகளாகப் பிரித்தார்கள். ஒரே காம்பவுண்டு, ஒரே மரநிழல். அங்கே படித்த தோழியிடம் கேட்டேன், சிற்பத் துறைக்குள் எத்தனை முறை போயிருக்கிறாய் என்று. “ஷார்ட்கட்டுக்குப் போவேன்” என்றாள். 2023இல் மூன்றையும் திரும்ப ஒன்றாக்கி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆக்கிவிட்டார்கள், இனி என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

அதனால் ஒரே கூரை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்தை நான் அவ்வளவு தூரம் நம்பவில்லை. டைம்டேபிளில் இடம் இருக்கிறதா, மார்க் ஏறுகிறதா, அதுதான் பசங்களை நகர்த்தும். எங்கள் டிராயிங் மாஸ்டர் ஒரே கூரைக்குக் கீழேதானே இருந்தார்.

மே 25

பேச்சு சுண்ணாம்புக்குப் போய்விட்டது, எனக்குச் சந்தோஷம்தான். பழைய வீட்டு மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டவருக்கு: முதலில் மேலே சிமென்ட் பூசச் சொல்லும் யாரையும் கூப்பிடாதீர்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குச் சட்டங்கள், அதன் மேல் ஒல்லியான செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சட்டத்துக்குக் குறுக்கே சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவது. அதற்கு மேல் செங்கல்ஜல்லி சுண்ணாம்பு போட்டு மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு தேக்கு முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் மக்க ஆரம்பிக்கும். ஒழுகுவது நின்ற மாதிரி இருக்கும், சில வருடத்தில் சட்டமே இறங்கும்.

இதைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு ஆள் தேடினால் பி.ஆர்க். பட்டதாரிக்கு அது ஹிஸ்டரி பேப்பரில் வந்த ஒரு படம். சுதை படித்தவருக்குச் சுண்ணாம்பு தெரியும், கூரை பழக்கமில்லை. பெரியமேட்டில் பீங்கான் படித்தவர் ஓட்டைச் சுட்டுத் தருவார். கடைசியில் ஒரு வயதான கொத்தனாரைக் கண்டுபிடித்து, அவர் சொல்வதைக் கேட்டு வேலை நடக்கிறது. அவர் எந்தக் கல்லூரிப் படியும் ஏறாதவர். சென்னையில் சிஷோம் காலத்துக் கட்டடங்கள் இத்தனை நிற்கின்றன, அதை ரிப்பேர் பார்க்க ஒரு பாடத்தை மூன்று இடத்திலும் சேர்த்து நடத்த முடியாதா?

மே 28

“ஸ்தபதி வேலை பரம்பரையாகச் செய்பவர்களுக்குத்தானே, வெளி ஆள் போனால் சேர்ப்பார்களா?” முக்கியமான கேள்வி, யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

பட்டறையில் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் நிறைய இடத்தில் அப்படித்தான். அப்பா, சித்தப்பா, மாமா என்று கை மாறும். அரசாங்கம் கல்லூரி வைத்ததன் பெரிய பலனே அந்தக் கதவு திறந்ததுதான். விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, உளியைப் பிடிக்கலாம், யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி இல்லை. பெண்களும் படிக்கிறார்கள், கல்லே செதுக்குகிறார்கள். படித்து வெளியே வந்த பிறகு கோயில் வேலை யாருக்குக் கிடைக்கிறது, யாரை ஸ்தபதி என்று ஊர் ஏற்றுக்கொள்கிறது என்பது வேறு கதை. அங்கே இன்னும் குடும்பப் பெயர் பேசுகிறது. ஆனால் என் பக்கம் மட்டும் யோக்கியமா? அப்பாவின் ஆபீஸ் இருந்தால் பிள்ளைக்கு முதல் வீடு வந்துவிடும்.

மே 28, இரவு

கல் வேலை உடம்புக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்ட அம்மாவுக்கு: உளியால் தட்டுவதைவிட கிரைண்டர் வந்த பிறகுதான் தூசி அதிகம். கருங்கல் தூசி நுரையீரலில் தங்கினால் போகாது. நல்ல மாஸ்க், தண்ணீர் விட்டு அறுப்பது, இரண்டையும் விடக்கூடாது. மாமல்லபுரம் தெருப் பட்டறைகளில் வாயில் கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கும். அந்தக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, செய்கிறவர்கள் நுரையீரலுக்கு ஏதாவது வாங்கினால் நன்றாக இருக்கும்.

ஜூன் 2

சிவில்காரர் திரும்ப வந்துவிட்டார். சிற்பிகளுக்கு ஸ்ட்ரக்சர் தெரியாது என்கிறார். கன்னியாகுமரிக்குப் போய்விட்டு வந்து சொல்லுங்கள் சார்.

திருவள்ளுவர் சிலை, மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்களுக்கு. அதன் மேல் சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும். கணக்கு நம் ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் தெரியும். வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி, மாமல்லபுரம் கல்லூரிக்கு நீண்ட காலம் முதல்வராக இருந்தவர், வள்ளுவர் கோட்டமும் அவர் கைதான். அது வெளியே சிலை, உள்ளே உயரமான வெற்றிடத்தோடு எழும்பும் கல் கட்டடம். கடல் நடுவில் பாறை, நாள் முழுக்க உப்புக்காற்று, இடுப்பில் அந்த ஒடிவு வேறு, பாரம் எந்தப் பக்கம் விழும் என்று யோசியுங்கள். 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள், 2004இல் சுனாமி வந்தது, அப்படியே நிற்கிறது. இதைச் சிற்பத் துறையில் சேர்ப்பீர்களா கட்டடத் துறையில் சேர்ப்பீர்களா?

எல்லாச் சிற்பியும் கணபதி ஸ்தபதி இல்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். எல்லா சிவில்காரரும் பாலம் கட்டுவதில்லை.

ஜூன் 6

“புலம்பியது போதும், என்ன செய்யலாம் சொல்” என்று ஒரு பேராசிரியர் (அப்படித்தான் எழுத்து சொல்கிறது) கேட்டிருக்கிறார்.

புதுக் கல்லூரி வேண்டாம். புதுப் பல்கலைக்கழகம் வேண்டவே வேண்டாம், பெயர் வைப்பதிலேயே ஒரு ஆட்சி முடிந்துவிடும். மூன்று வளாகமும் 60 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன, மூன்றுமே அரசுப் பணத்தில் ஓடுகின்றன. கிண்டியில் மூன்றாம் வருடம் படிப்பவன் ஒரு செமஸ்டர் சுதையோ கல்லோ மாமல்லபுரத்தில் எடுக்கட்டும், அதற்கு கிரெடிட் ஏறட்டும், சனிக்கிழமை விருப்பப் பாடமாக இல்லாமல் டிசைன் ஸ்டுடியோவுக்குச் சமமான மார்க்கோடு. மாமல்லபுரத்தில் மரபுக் கட்டடக்கலை படிப்பவள் கிண்டிக்கு வந்து மண், அஸ்திவாரம், பேரிடர், கட்டட விதிகள் படிக்கட்டும். பெரியமேட்டுப் பீங்கான் உலையில் இரண்டு பேரும் ஓடு சுடட்டும். பஸ் இருக்கிறது, ஈ.சி.ஆர். இருக்கிறது. வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் பார்த்துக்கொள்ளலாம். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966இல் பாட்டிக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கிப் போட்ட ஊர் அது. அவர்கள் யாருடைய அரசாணைக்கும் காத்திருக்கவில்லை.

தடை எங்கே என்றால் இரண்டு பல்கலைக்கழகம், இரண்டு துறைச் செயலாளர். கிண்டி உயர்கல்வித் துறை, மற்ற இரண்டும் கலை பண்பாட்டின் பக்கம். ஃபைல் நடுவழியில் தங்கிவிடும். அதோடு கவுன்சிலின் பாடத்திட்ட விதிகள், பொறியியல் பக்கத்து செமஸ்டர் கணக்கு. கஷ்டம்தான், ஆனால் கட்டடம் கட்டத் தேவையில்லாத ஒரு சீர்திருத்தம் என்பதால் செலவு குறைவு. யாரும் கல்வெட்டு திறக்க முடியாது என்பதால்தான் நடக்காமல் இருக்கிறது என்று என் நண்பன் சொல்கிறான், அவன் எப்போதுமே இப்படித்தான்.

ஜூன் 9

முதல் கேள்வி கேட்டவர் தனியாகக் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

பி.ஆர்க். என்றால் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும். கவுன்சில் நடத்தும் நாட்டா தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூவுக்கு 200, நாட்டாவுக்கு 200, மொத்தம் 400க்குத் தரவரிசை. இன்ஜினியரிங் கட் ஆஃப் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது தனி. திருச்சி என்.ஐ.டி. வேண்டும் என்றால் அதற்கு ஜே.இ.இ.யின் இரண்டாம் தாள். படிப்பு ஐந்து வருடம், நடுவில் ஆபீஸ் டிரெய்னிங் உண்டு, அங்கே சம்பளம் என்று கொடுப்பதைக் கேட்டால் நீங்கள் கோபப்படுவீர்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன். கவின் கலையும் மாமல்லபுரமும் நான்கு வருடம், கட்டணம் குறைவு.

நான் சொல்வது இதுதான். அவளை ஒரு நாள் மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போங்கள், கடற்கரைக் கோயிலுக்குப் போவதற்கு முன்பு பட்டறைத் தெருவுக்கு. வெயிலில் ஒரு மணி நேரம் கல் அடிப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறாளா, மொபைலை எடுக்கிறாளா என்று கவனியுங்கள். நின்றாள் என்றால் அந்தக் கல்லூரியை யோசிக்கலாம். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் பி.ஆர்க்., அதில் எனக்குத் தயக்கம் இல்லை, களிமண்ணை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா சொல்லும் ஓவியக் கல்லூரியைக் கடைசி வாய்ப்பு மாதிரி வைக்காதீர்கள். விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவர்களுக்கு என்னைவிட நல்ல சம்பளம்.

ஜூன் 10

ஒன்று விட்டுப்போயிற்று. மரபுக் கட்டடக்கலை படித்தால் சொந்தமாக வீட்டு பிளான் அப்ரூவல் வாங்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 2019 கட்டட விதிகளின்படி பிளானில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ கையெழுத்துப் போட வேண்டும். அதனால் பி.ஆர்க். அல்லது சிவில் படித்த ஒருவரைக் கூட்டாளியாக வைத்துக்கொள்வார்கள். அந்த முன்மண்டபத்து ஸ்தபதியோடு நான் இப்போது அப்படித்தான் வேலை செய்கிறேன். மண்ணும் தண்ணீரும் என் தலைவலி, கல் அவருடையது, வாடிக்கையாளரிடம் பணம் கேட்பது மட்டும் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.